போல்விட்ஸ் துறையில் ஏழு மணி வெளிச்சம்

1827 மார்ச் 6, செவ்வாய்

வானத்துக்கு மூன்றாவது பூச்சு இன்று முடிந்தது. நீலத்தூள் இந்த முறை சரியாக அரைபடவில்லை. தூரிகையின் அடியில் மணலைப் போல நெருநெருக்கிறது. கடைக்காரருக்கு எழுதவேண்டும். வடக்குச் சாளரத்தின் கண்ணாடியை டோரத்தேயா துடைத்திருக்கிறாள்; ஆனால் ஓரங்களைத் துடைக்கவில்லை. என் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும், ஓரமும் கண்ணாடியைச் சேர்ந்ததுதான் என்பதை அவள் ஒப்புக்கொள்வதாக இல்லை.

படம் திருமதி வெண்ட்லருக்காக. மதுவணிகர் வெண்ட்லரின் கைம்பெண். சென்ற ஆண்டு அக்டோபர் 24, அதுவும் ஒரு செவ்வாய், எல்பே ஆற்றின் போல்விட்ஸ் துறையிலிருந்து சந்தைக்குப் புறப்பட்ட படகின்மீது பொஹீமியாவிலிருந்து மிதந்து வந்த மரத்தெப்பம் மோதியது. மூவர் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி இவருடைய ஒரே மகள் அமாலியே, அத்தை வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், வயது பத்தொன்பது.

அன்று அந்தக் கரையில் நானும் இருந்தேன். விடியலை வரைவதற்காக இருட்டோடு கிளம்பிப் போயிருந்தேன். வரைவதற்கு எதுவும் இருக்கவில்லை. அப்படியொரு மூடுபனி, மடியில் வைத்திருந்த தாளே மங்கலாகத்தான் தெரிந்தது. படகோட்டி மத்தேஸ் குன்ஷ் மணி அடித்தது கேட்டது. பிறகு துடுப்பின் ஓசை. பிறகு மரத்தோடு மரம் மோதும் ஓசை. அதற்குப் பிறகு கேட்டவற்றை நான் எழுதப்போவதில்லை.

ஜனவரியில் திருமதி வெண்ட்லர் வந்து, அந்தக் காலையை வரைந்து தரவேண்டும் என்றார். "ஆனா பனிய வரையாதீங்க, பேராசிரியரே. அத சுவத்துல மாட்டி வச்சு என்னால பாக்க முடியாது. அவ கண்ணு கடைசியாப் பாத்தது வெளிச்சமா இருக்கட்டும்."

ஒரு தாய் கேட்கிறார். ஒப்புக்கொண்டேன்.

1827 மார்ச் 17, சனி

வெளிச்சம் கிடைத்துவிட்டது. பழைய தாள்களைப் புரட்டியபோது 1811 செப்டம்பர் 9 அன்று பொஹீமிய மலைச்சரிவில் வரைந்த விடியல் அகப்பட்டது. அடிவானத்தில் எலுமிச்சைத் தோலின் மஞ்சள். அதற்கு மேலே சாம்பல் கலந்த ரோஜா. அதற்கும் மேலே, இரவு இன்னும் முழுதாகப் போய்விடாத ஒரு பச்சை நீலம். என் வழக்கப்படி ஒவ்வொரு பட்டையிலும் எண் இட்டிருக்கிறேன். ஒன்று மிக ஒளிர்ந்தது, ஒன்பது மிக இருண்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எண்களைப் பார்த்தால் அந்தக் குளிர் விரலில் ஏறுகிறது. அப்படியே போல்விட்ஸுக்கு மேலே வைத்துவிட்டேன். நெட்டிலிங்க மரங்களுக்கு இடையே ஒளி புகுந்து நீரில் நீளமாக விழுகிறது. அதன் நடுவில் படகு.

இது எங்கள் தொழிலின் வழக்கம். இடத்தை ஒரு நாளிலிருந்து எடுப்போம், வானத்தை இன்னொரு நாளிலிருந்து எடுப்போம். இரண்டும் நான் கண்ணால் கண்டவையே. கண்டதைக் கண்டதோடு சேர்ப்பதில் பொய் எங்கே வந்தது?

டோரத்தேயா கணப்பில் விறகு வைக்க வந்தவள் நின்று பார்த்தாள். "அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்போ மேல்கோட்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்திச்சே, ஐயா. இந்தப் படத்துல நாலு போர்வை காயப்போடலாம் போல இருக்கு."

ஓவியம் என்பது வானிலைக் குறிப்பு அல்ல என்று விளக்கினேன். சாம்பலை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். சிறிது தரையில் சிந்தியிருந்தது.

1827 ஏப்ரல் 11, புதன்

படம் முடிந்தது. வலப்புற மூலையில், மெல்லிய தூரிகையால், சிவப்பில்: "போல்விட்ஸ், 24 அக். 1826, காலை 7." அதன் கீழே என் பெயரெழுத்துகள்.

நாற்பது ஆண்டுகளாக என் எந்தப் படமும் நாளும் நேரமும் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. படம் எந்த வேளையில் என் மனத்தில் பிறந்ததோ, அந்த வேளை. இளைய ஓவியர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். அவர்களுக்கு நான் வைத்த பெயர் பனிக்காரர்கள். ஒரு மரத்தின் கிளை எப்படிப் பிரிகிறது என்று தெரியாதவன் அதன்மீது பனியைப் பூசிவிட்டு, முடிவிலியை வரைந்தேன் என்கிறான். போன மாதம் ஓவியக் கழகத்தின் விருந்து மேசையில் நான் சொன்னது அவர்களுக்கு நன்றாக உறைத்திருக்கும்: நான் பார்க்காத வேளையை ஒருநாளும் வரைந்ததில்லை.

1827 மே 5, சனி

மன்னர் காலமானார். மணிகள் ஓயவில்லை. டோரத்தேயா அழுதாள். நான் வார்னிஷ் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன்.

1827 ஆகஸ்ட் 5, ஞாயிறு

கண்காட்சி திறந்தாயிற்று. திருமதி வெண்ட்லரின் அனுமதியோடு படத்தை அங்கே தந்திருக்கிறோம். இரண்டாம் கூடம், கிழக்குச் சுவர். நல்ல இடம்தான், ஆனால் ஒரு கையளவு உயரமாக மாட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் மெதுவான குரலில் பேசினார்கள். நெட்டிலிங்கத்தின் இலைகளை எண்ணிவிடலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். படத்தின் முன்னால் ஒரு முக்காலி போட்டு, கறுப்பு உடையில், திருமதி வெண்ட்லர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் அவருக்கு முன்னால் நடக்கவில்லை.

பிற்பகலில் எதிர்பாராத இருவர். படகோட்டி மத்தேஸும் அவன் மனைவி ரோசினெயும். தேவாலயத்துக்குப் போகும் உடையில். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே அவன் படத்தைப் பார்த்தான். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவனைப் போல நின்றான். மோதிய வேகத்தில் அவனுடைய இடது தோள் இறங்கிவிட்டது, இன்னும் நேராகவில்லை.

"அன்னைக்கு மட்டும் இப்படி இருந்திருந்தா, ஐயா..." என்று தொடங்கினான்.

ரோசினெக்குப் படிக்கத் தெரியாது. மூலையில் சிவப்பாக என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"ஓ. அன்னைக்குத் தேதியா" என்றாள். படத்தை மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

1827 ஆகஸ்ட் 21, செவ்வாய்

மத்தேஸ் குன்ஷைக் கைது செய்துவிட்டார்கள்.

டோரத்தேயா மீன்கடையிலிருந்து செய்தியைக் கொண்டுவந்தாள். கூடையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: "உங்க படத்தைப் பாத்துத்தான் புடிச்சாங்களாம்."

உளறாதே என்றேன். அவள் உளறவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆற்றின் சட்டம் எளியது. பனி இருந்தால் படகு மணி அடிக்கவேண்டும், தெப்பம் கொம்பு ஊதவேண்டும். ஊதாத தெப்பத்தின்மேல் குற்றம். வானம் தெளிவாக இருந்தால் தெப்பத்தைப் பார்த்து ஒதுங்கவேண்டியது படகு. ஒதுங்காத படகோட்டியின்மேல் குற்றம். தெப்பக்காரர்கள் நால்வரும் சென்ற இலையுதிர்காலத்திலேயே வானம் தெளிவாக இருந்தது என்று சத்தியம் செய்தார்கள். பனி என்று மத்தேஸ் சத்தியம் செய்தான். படகில் பிழைத்த இருவருக்கும் எதுவும் நினைவில்லை. அதனால் வழக்கு அப்படியே கிடந்தது. கரையில் இருந்த என்னையும் யாரும் கூப்பிடவில்லை.

இப்போது திருமதி வெண்ட்லர் மனு கொடுத்திருக்கிறார். நீதி அதிகாரி லாங்கெ தாமே கண்காட்சிக்குப் போய்ப் படத்தைப் பார்த்திருக்கிறார். இலைகளை எண்ணலாம், தெப்பத்தைப் பார்க்க முடியாதா என்று கேட்டாராம்.

நாளை மறுநாள் அவரைச் சந்திக்க நேரம் பெற்றிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும் விஷயம். நான் அங்கே இருந்தவன். என் வார்த்தைக்கு இந்த நகரத்தில் மதிப்பு உண்டு.

1827 ஆகஸ்ட் 23, வியாழன்

தீரவில்லை.

லாங்கெ மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டார். அவருடைய அறைச் சுவரில் என்னுடைய பழைய அச்சுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. நடந்தது முழுவதையும் வரிசையாகச் சொன்னேன்: பனி, மணி கேட்டது, கொம்பு கேட்கவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறகு அவர் கேட்டார்.

"அப்போ படத்துல இருக்கற வெளிச்சம் எந்த நாளோடது, பேராசிரியரே?"

1811 செப்டம்பர் 9 என்றேன்.

"எந்த ஊர்ல?"

பொஹீமியாவில் என்றேன். எழுத்தரின் பேனா நின்றது.

எங்கள் தொழிலின் வழக்கத்தை விளக்கினேன். நீளமாக விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. பேசப் பேச என் காதுக்கே அது நியாயமாகப் படவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்க்காத வேளைய வரைஞ்சதே இல்லைன்னு நீங்க கழகத்துல சொன்னப்போ நானும் அந்த மேசையிலதான் இருந்தேன்" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போது அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அன்று காலை கரையில் என் மடியில் இருந்த தாள். போய் அமர்ந்தவுடன் மூலையில் நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதிவிடுவது என் பழக்கம், எழுதியிருந்தேன். அதற்குமேல் ஒரு கோடும் இல்லை. தேதியிட்ட தாளை நான் எறிவதில்லை என்பதால் அது மிஞ்சியிருந்தது.

லாங்கெ அதைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே, ஐயா."

"அன்று அவ்வளவுதான் தெரிந்தது."

"ஒண்ணும் இல்லாததை நான் எப்படிப் பத்திரத்துல சேர்க்கறது? வெறுந்தாளை யாரு வேணாலும் கொண்டு வரலாமே." பிறகு இன்னும் மென்மையாக, "உங்க நல்ல மனசு புரியுது. ஏழை, புள்ளகுட்டிக்காரன், காப்பாத்தணும்னு நெனைக்கறீங்க. ஆனா நீங்க நிதானமா, கையெழுத்துப் போட்டுச் சொன்னது ஒண்ணு. இப்போ இரக்கப்பட்டுச் சொல்றது ஒண்ணு. நான் எத நம்பறது?"

எழுத்தர் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். வயது இருபத்தைந்துகூட இராது.

நாற்பது ஆண்டுகள் வரைந்தவற்றுள் அந்த ஒரு தாளில்தான் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் இருக்கிறது. ஒன்றையும் சேர்க்கவில்லை. அதை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். மடித்து! ஓவியத்தாளை யாராவது மடிப்பார்களா?

1827 செப்டம்பர் 4, செவ்வாய்

திருமதி வெண்ட்லரின் வீட்டுக்குப் போனேன். கண்காட்சி முடிந்து படம் வந்துவிட்டது. வரவேற்பறையில், சாப்பாட்டு மேசையிலிருந்தும் தெரியும்படி மாட்டியிருக்கிறார். காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

மனுவைத் திரும்பப் பெறும்படி கேட்டேன். அவருக்கே நினைவிருக்கும், பனி வேண்டாம் என்று கேட்டவரே அவர்தான்.

"கேட்டேன்" என்றார். "நெனவு இருக்கு. அப்போ எல்லாரும் பனின்னு சொன்னாங்க, நானும் நம்பினேன். ஆனா நீங்க அங்க இருந்தவரு. இருந்தவரு வரைஞ்சதப் பாத்த அப்புறந்தான் எனக்குத் தெளிஞ்சுது. பனின்னு சொன்னது அந்தப் படகுக்காரன்தானே."

"அம்மா, நானே சொல்கிறேன். பனிதான்."

"அப்போ அவ கடைசியா எதப் பாத்தா?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எழுபத்தோரு வயதில் ஒரு மனிதனுக்கு அந்த அளவு சமயோசிதம் இருக்கவேண்டாமா? "எதையும் பார்த்திருக்க மாட்டாள்" என்றேன்.

அவர் எழுந்து படத்தின் அருகே போய் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். ஒரு வார்த்தையும் உரக்க வரவில்லை.

"தெனமும் காலையில இது முன்னாடி உக்கார்றேன். அவ இந்த வெளிச்சத்துல போறா. எனக்குத் தெரியுது, போறா. உங்க ஆளு பொழைக்கணும்னா என் பொண்ணு இன்னொரு தடவ இருட்டுல சாகணுமா, பேராசிரியரே?"

தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படிகளில் இறங்கும்போது பணிப்பெண் என் கைத்தடியை எடுத்துக் கொடுத்தாள். அதை விட்டுவிட்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை.

1827 செப்டம்பர் 12, புதன்

கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். என் படங்களில் எழுதியிருக்கும் நாளும் நேரமும் வானத்துக்குப் பொருந்தமாட்டா; போல்விட்ஸ் படத்துக்கு மட்டுமன்று, அநேகமாக எதற்குமே. குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும்படி கேட்டேன்.

பிறகு பனிக்காரர்களில் ஒருவன், அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, சிரிக்காமலே கேட்டான்: "அப்போ இத்தன வருஷமா எங்களத் திட்டினது, நாங்க பனிய ஒழுங்கா வரைஞ்சதுக்கா ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒருவர் மட்டும் அருகில் வந்து என் தோளைத் தட்டினார். ஒரு படகோட்டிக்காக என் பெயரையே கெடுத்துக்கொண்டேனாம், பெரிய மனதாம். என்னை நம்பவில்லை! மெய்யைச் சொன்னால் அதற்குப் பெயர் தருமம் — என்னடா இது கூத்து. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

லாங்கெயிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. சம்பவம் நடந்து ஓராண்டு நிறைவடையும் நாளில், அதே வேளையில், துறையில் நேர்ப்பார்வை நடத்துவாராம். நானும் வரவேண்டுமாம்.

நல்லது. அக்டோபர்க் கடைசியில் அந்தப் பள்ளத்தில் பனி இறங்காத காலை அரிது. அவரே கண்ணால் பார்க்கட்டும்.

1827 அக்டோபர் 23, செவ்வாய்

காலையில் பனி. மாலையிலும் பனி. சாளரத்திலிருந்து எதிர்வீட்டுப் புகைபோக்கி தெரியவில்லை. இவ்வளவு மகிழ்ச்சியோடு நான் பனியைப் பார்த்ததில்லை. டோரத்தேயா கம்பளிக் கையுறைகளை எடுத்து வைத்திருக்கிறாள்.

1827 அக்டோபர் 24, புதன்

இரவில் கிழக்குக் காற்று எழுந்துவிட்டது.

துறையில் லாங்கெ, எழுத்தர், காவலர் இருவர். இரண்டு மாதச் சிறையில் மத்தேஸ் பாதியாகியிருந்தான், மணிக்கட்டில் விலங்கு. ரோசினெ மணிக்கம்பத்தின் கீழே நின்றாள். அவளுக்கு அவன் பக்கத்தில் போக அனுமதி இல்லை. திருமதி வெண்ட்லர் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். கிழக்கே எலுமிச்சைத் தோலின் மஞ்சள் ஒரு கோடாக வந்தது. அதற்கு மேலே சாம்பல் கலந்த ரோஜா. பிறகு அந்தப் பச்சை நீலம். ஒவ்வொன்றாக, நான் எண் போட்ட வரிசையில் வந்தன. நெட்டிலிங்கங்களுக்கு இடையே ஒளி புகுந்து, நீரில் நீளமாக விழுந்து, எங்கள் கால்வரை வந்து நின்றது. மறுகரையில் ஓர் ஆட்டின் கழுத்துமணிகூடத் தெரிந்தது.

ஒரு காவலன் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரிந்திராது. வண்டிக்குள் திருமதி வெண்ட்லர் அழுவது கேட்டது. எழுத்தர் என்னைப் பார்க்காமலே எழுதத் தொடங்கினார்.

இது இந்த ஆண்டின் காலை, சென்ற ஆண்டினுடையது அன்று என்று லாங்கெயிடம் சொன்னேன். இருமுறை சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வயதானவர்களின் கையைப் பிடிப்பதுபோல.

மத்தேஸ் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காவலன் இழுத்தபோது என் பக்கம் திரும்பினான்.

"நல்லாத்தான் இருக்குது, ஐயா. நீங்க வரைஞ்ச மாதிரியே இருக்கு."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஓவியனாக வாழ்நாளில் கிடைத்த மிகச் சரியான பாராட்டு அது.

1827 டிசம்பர் 3, திங்கள்

தீர்ப்புப் பத்திரங்கள் மேலிடத்திலிருந்து வந்துவிட்டன. மத்தேஸுக்கு நான்கு ஆண்டுகள், கடுங்காவல். என் சாட்சியைப் பற்றி ஒரே வரிதான்: "முதுமையும் இரக்கமும் கருதி ஏற்கப்படவில்லை."

1827 டிசம்பர் 9, ஞாயிறு

வண்ணம் தொடவில்லை. தூரிகைகளைக் கழுவி வைத்தேன். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

இன்று சாப்பிடும்போது டோரத்தேயா, கேட்காமலே, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பதினெட்டு ஆண்டுகளில் முதல்முறை. "நான் வேணும்னா போய் சொல்றேன், ஐயா. கோட்டு நனைஞ்சிருந்திச்சு, நான்தான் புழிஞ்சு காயப்போட்டேன்னு."

தீர்ப்பு வந்தாயிற்று என்றேன். தலையாட்டினாள். பிறகு, "மொதல்லயே என்னக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. வெறுந்தாளைத் தூக்கிக்கொண்டு போனேன். நனைந்த கோட்டைப் பிழிந்தவளை அழைத்துக்கொண்டு போகவில்லை.

1828 பிப்ரவரி 19, செவ்வாய்

மத்தேஸ் குன்ஷ் சிறையில் மார்ச்சளியால் இறந்துவிட்டான். ஞாயிறன்று. செய்தி இன்றுதான் வந்தது. வயது நாற்பத்து நான்கு.

1828 ஏப்ரல் 17, வியாழன்

திருமதி வெண்ட்லர் ஆளனுப்பினார். படத்தின்மேல் ஏதோ படிகிறதாம்.

போய்ப் பார்த்தேன். ஈரமான குளிர்காலத்துக்குப் பிறகு வார்னிஷில் சில நேரம் இப்படி ஆகும். நீலச் சாம்பல் நிறத்தில் ஓர் ஆவி மூடிக்கொள்ளும். பட்டுத்துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் இவ்வளவு முழுமையாக மூடி நான் பார்த்ததில்லை. வானம் இல்லை. நெட்டிலிங்கம் இல்லை. படகு இருந்த இடத்தில் ஒரு கறை. அந்தக் காலை, உள்ளபடி, சுவரில் தொங்கியது.

நெடுநேரம் நின்றேன். அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று தோன்றியது. மருந்தில்லை என்று சொன்னால் நம்புவார். நான் சொல்லும் பொய்களை எல்லோரும் நம்புகிறார்கள்.

அவர் எனக்குப் பின்னால் நின்றார். மிகவும் மெலிந்துவிட்டார். "அவளக் காணோம்" என்றார்.

பட்டுத்துணி கேட்டேன். துடைத்தேன். மூலையில் இருந்த தேதிவரை துடைத்தேன்.

1828 அக்டோபர் 28, செவ்வாய்

இருட்டோடு எழுந்து போல்விட்ஸுக்குப் போனேன். வரைவதற்கு அன்று, தாள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுகரையில் மத்தேஸைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பனி. துறையின் படிகளைத் தடியால் தட்டித் தட்டித்தான் கண்டுபிடித்தேன். படகு இப்போது ரோசினெயினுடையது. கணவனுடைய மேல்கோட்டைப் போட்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்பது உடனே தெரியவில்லை.

ஏறுவதற்காகக் கால் வைத்தேன். துடுப்பைக் குறுக்கே வைத்து மறித்தாள்.

"பனி நாள்ல எழுதிக் குடுக்காம யாரையும் ஏத்தறதில்ல." கோட்டின் உள்ளிருந்து ஒரு தாளையும் ஒரு கரிக்கோலையும் எடுத்து நீட்டினாள். "தேதி, மணி, எது வரைக்கும் கண்ணு தெரியுது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பாதிரியாரும் எழுதினாரு. ரொட்டிக் கடைக்காரரும் எழுதினாரு." பிறகு, "நீங்க எழுதினா கோர்ட்டுல நல்லா நிக்கும்" என்றாள்.

படகின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினேன்:

"1828 அக்டோபர் 28, செவ்வாய், காலை ஏழு. போல்விட்ஸ் துறை. மூடுபனி. மறுகரை தெரியவில்லை. ஆறு தெரியவில்லை. துடுப்பின் நுனி தெரியவில்லை. வேறெந்த நாளிலிருந்தும் எதுவும் சேர்க்கப்படவில்லை. கோட்லோப் ரைனிக்கெ, ஓவியர்."

படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். எந்தச் சொல்லுக்கும் முகம் மாறவில்லை; அல்லது மாறியது எனக்குத் தெரியவில்லை. தாளை வாங்கி, ஊதி, மடிக்காமல், ஒரு தகரப் பெட்டியில் மற்றவற்றின்மேல் வைத்து மூடினாள். மணி அடித்தாள். கொம்பு ஊதுகிறதா என்று நாங்கள் இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம். ஊதவில்லை. மறுபடியும் அடித்தாள். பிறகு தள்ளினாள்.

நீரும் வானமும் ஒரே நிறம். படகு நகர்கிறதா நிற்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நடு ஆறு என்று நான் நினைத்த இடத்தில் துடுப்பு நின்றது. பனிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"தேதி சரியாப் போட்டிருக்கீங்கல்ல?"

போட்டிருக்கிறேன் என்றேன்.